ஆறு பக்க அகராதி

அதிகாரி படத்தைக் கையில் எடுத்ததும் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி நானும் சிரித்தேன்.

நுவரெலியாவில் ஒரு கந்தோர், அரசாங்க ஆபீஸ். விடாத மழை. வெளி வராந்தாவில் எங்களைப் போல ஏராளமான குடும்பங்கள் நனைந்த கம்பளி வாடையோடு காத்துக் கிடந்தன. உள்ளே, மேசைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, கழுத்துவரை பொத்தான். அவருக்குப் பின்னால் நான், இடுப்பில் இரண்டு வயது மகள் பவளம்.

நாங்கள் இந்த நாட்டுக் குடிகளா இல்லையா என்று அன்றைக்கு விசாரணை. ஆம் என்று எழுதிவிட்டால் வட்டகொடைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே கடைசிவரை இருக்கலாம். இல்லை என்றால் என்றைக்காவது மூட்டை கட்ட வேண்டும். தோட்டத்தில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. மூன்றாம் நம்பர் மலைக்குக் கீழே, ஓடையோரம், என் மூத்த மகன் தங்கராசுவைப் புதைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவனை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

அதிகாரி கையில் இருந்தது அவன் படம்தான். மொட்டைத் தலை, அதில் சந்தனம், அழுது முடித்த கண்.

"லஸ்ஸன லமயா" என்றார். அழகான பிள்ளை என்று அர்த்தம். அந்த அளவுச் சிங்களம் எனக்கும் தெரியும்.

பிறகு படத்தைத் திருப்பினார். பின்பக்கம் கொட்டை எழுத்தில் ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. டெபிலேட்.

அந்த வார்த்தை அங்கே எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். "போன வாரமும் பின்னாலயே போய்க்கிட்டு இருந்தீங்க, படிக்கிறவங்க எங்கம்மா போவாங்க?" என்று, வாரா வாரம் நான் பத்திரிகைக்கு எழுதுவதைப் படித்துவிட்டு இப்போது பவளம் குறைபட்டுக்கொள்கிறாள். என் கதை நான் போகிற வழியில்தான் வரும். அவசரக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ராசிபலனைப் படிக்கலாம்.

துரை விட்டுப்போன தாள்

என் வீட்டுக்காரர் பெயர் காத்தமுத்து. அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது பத்திரிகையிலேயே எழுதுகிறேன். மேலே இருந்து பார்த்தால் கோபித்துக்கொள்ள மாட்டார், அச்சு நேராக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அவருக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை என்று நினைக்காதீர்கள், தேயிலைத் தொழிற்சாலையை மலையில் அப்படித்தான் சொல்வோம். தூள் அடைத்த மரப்பெட்டியின் மேல், எழுத்து வெட்டிய தகரத்தை வைத்துக் கறுப்புச் சாயம் பூசுவார். தோட்டத்தின் பெயர், தூளின் ரகம், பெட்டியின் நம்பர் எல்லாம் கச்சிதமாக விழும். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இருபத்தாறு இங்கிலீஷ் எழுத்தும் அவர் கைக்குத் தெரியும். வாய்க்குத்தான் தெரியாது.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கு வாய்க்குத் தெரிந்தவள் நான். ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டுவரை படித்தேன். அந்தப் படிப்புக்குத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்தது பிள்ளைக்காம்பரா வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தொட்டில் ஆட்டினேன்.

சுதந்திரம் வந்த சமயத்தில் எங்கள் பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போனார். பங்களாவில் சாமான் கட்ட ஸ்டோரில் இருந்து ஆள் கேட்டார்கள், இவரும் போனார். வேண்டாததை எல்லாம் பின்பக்கத்துக் குழியில் கொட்டிக் கொளுத்தினார்களாம். அதில் ஓர் இங்கிலீஷ் தமிழ் அகராதியும் இருந்தது. அந்தக் காலத்துத் துரைமார் தமிழ் படித்தாக வேண்டும். எங்களைத் திட்டுவதற்காவது தமிழ் வேண்டுமல்லவா?

சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு வந்தவர் கம்பளிக்குள் கையை விட்டு எதையோ எடுத்தார். ஓரம் கருகிய மூன்று தாள்.

"என்னங்க இது, அடுப்புக்கா?"

"படிச்சவதானா நீ? பொஸ்தகம் புள்ள. தொரையோட பொஸ்தகம்."

"மூணு தாளா பொஸ்தகம்?"

"மிச்சத்த நெருப்பு படிச்சிருச்சி."

டெப் வீட்டுக்காரர்கள்

மூன்று தாள், ஆறு பக்கம். அதில் இருந்த வார்த்தை ஒவ்வொன்றும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கியது. டி, ஈ, பி. ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூக்கு இருப்பதுபோல. நாங்கள் எல்லாவற்றையும் 'டெப்' என்றே வாசித்தோம். பாதிக்கு மேல் 'டிப்' என்று சொல்ல வேண்டுமாம், பவளத்தின் பிள்ளைகள் இப்போது திருத்துகிறார்கள். திருத்தட்டும். எனக்கு டெப்தான்.

தண்ணீருக்கும் வீட்டுக்கும் இங்கிலீஷ் தெரியாத மனுஷர், வெள்ளைக்காரர்களே மறந்துபோன வார்த்தைகளை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார். டெப்லூம் என்றால் இறகு பிடுங்குதல். தீபாவளிக்கு முதல்நாள் கோழியும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தால் வாசலில் நின்று, "மரகதம், டெப்லூம் முடிஞ்சிச்சா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்பார்.

டெப்யூரேட் என்றால் அழுக்கு நீக்கிச் சுத்தம் செய்தல். ஞாயிற்றுக்கிழமை ஊற்று விழும் பீலித் தண்ணீரில் குளிப்பது அது. டெப்ரடேட் என்றால் கொள்ளையிடுதல். லயத்தில், எங்கள் வரிசை வீட்டு வாசலில், நான் வைத்த மிளகாய்ச் செடியைக் கங்காணியின் ஆடு வாரத்துக்கு ஒரு தடவை டெப்ரடேட் செய்தது. டெப்ரெகேட் என்றால் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடுதல். பிள்ளைக்காம்பராவில் விளக்கெண்ணெய் கொடுக்கும் நாளில் அதைத்தான் நான் காலைமுதல் மத்தியானம்வரை கேட்பேன்.

டெப்போர்ட், நாடு கடத்துதல். பொறியில் விழும் எலியைக் கொல்ல அவருக்கு மனசு வராது. ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, "டெப்போர்ட் பண்ணிட்டேன்" என்று கையைக் கழுவுவார். அது அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

டெப்பாபுலேட் என்று ஒன்று. குடிகளை இல்லாமலாக்கி ஊரைப் பாழாக்குதல் என்று போட்டிருந்தது. அதை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாமல் இரண்டு பேரும் விழித்தோம். ஒவ்வொரு லயத்திலும் இருபது காம்பரா, ஒவ்வொரு காம்பராவிலும் ஏழெட்டுப் பேர், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கக்கூட இடம் போதாமல் ஜனம். "இதுக்கு மட்டும் நம்ம தோட்டத்துல வேலையே வராது" என்று அவர் அதைத் தள்ளி வைத்தார்.

அவருக்குப் பிடித்த வார்த்தை டெப்போனன்ட். சத்தியம் செய்து சாட்சி சொல்பவன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். அவர் சொன்னதைச் சாட்சியாக யாரும் அதுவரை கேட்டதில்லை.

சில வீடுகளில் புருஷன் பூ வாங்கி வருவார். என் வீட்டில் மூன்று தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வருடத்தைப்போல நான் சிரித்த வருடம் வேறில்லை.

முதல் முடி

தங்கராசு பிறந்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி முதல் முடி குலதெய்வத்துக்கு. குலதெய்வமோ கடலுக்கு அந்தப் பக்கம், முசிறிக்கு அருகில் ஒரு கிராமத்தில். இவருடைய அப்பா பிறந்த ஊர் அது. இவர் அதுவரை அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அம்மனுக்கு நேர்ந்த முடியை வட்டகொடையில் இறக்க முடியுமா?

இவருக்கு ஒரு மாதம் லீவு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, கப்பலேறி, மறுபடி ரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம். போன மூன்றாம் நாள் இவருடைய பெரியப்பா கண்ணை மூடிவிட்டார்.

பங்காளி வீட்டுச் சாவு. தலைத்திவசம் கழியும்வரை கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, முடியில் கத்தி படக்கூடாது என்று ஊர் பெரியவர்கள் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். லீவு முடிந்தது. முடி இறக்காமல் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோனால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். "நீங்க போங்க, நான் இருந்து முடிச்சிட்டு வாறேன்" என்றேன். சொன்னது நான்தான். அந்த வார்த்தையை நூறு தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அவர் மட்டும் திரும்பினார். நான் அந்த ஊரில் தீபாவளியைப் பார்த்தேன். மறுவருடம் இன்னொரு தீபாவளியையும் பார்த்தேன். குழந்தைக்குத் தலைமுடி கண்ணை மறைத்தது, தெருவில் எல்லோரும் பெண்பிள்ளை என்றே நினைத்தார்கள். "டெபிலேட் எப்போது?" என்று அவர் கடிதத்துக்குக் கடிதம் கேட்டு எழுதுவார். உரோமம் நீக்குதல் என்பதற்குத் துரையின் தாளில் இருந்த வார்த்தை. தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் ஊர் வாத்தியார், "உங்க வீட்டுக்காரர் எந்தப் பெரிய உத்தியோகத்துல இருக்கார்?" என்று கேட்டார். பெரிய உத்தியோகம்தான் என்று நானும் சொல்லி வைத்தேன்.

கடைசியில் முடி இறக்கினோம். முசிறியில் ஒரு படம் எடுத்தோம், ஒரே ஒரு பிரதி. அதை அவருக்கு அனுப்பினேன்.

அவர் அதைக் கையில் வாங்கிச் சும்மா வைத்திருப்பாரா? பெட்டிக்கு எழுதிப் பழகிய கை. எந்தச் சரக்கு, எங்கே இருந்து, எப்போது புறப்பட்டது, எல்லாம் எழுதாத பெட்டியைத் தன் வாழ்க்கையில் வெளியே அனுப்பாதவர். படத்தின் பின்னால் எழுதினார். மேலே டெபிலேட். அடியில் பிள்ளையின் பெயர். அதற்கடியில் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட தேதி. அதற்கும் அடியில் முடி இறக்கிய தேதி.

இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தது.

மனு

நான் திரும்பி வந்தபோது தோட்டமே குடியுரிமைப் பேச்சாக இருந்தது. மனுப் போட வேண்டாம் என்று முதலில் சங்கத்துத் தலைவர்கள் சொன்னார்கள். கடைசி நேரத்தில் போடச் சொன்னார்கள், எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

ஹட்டன் கடைவீதியில் மனு எழுதுகிறவர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"இந்தியாவுக்குப் போயிருக்கீங்களா?"

"ஒருக்கா போனோங்க. புள்ளைக்கி முடி எறக்க. இவ அங்க ஒண்ணேகால் வருசம் இருந்திட்டா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத இங்க சொன்னதோட மறந்திருங்க. ஒரு வருசத்துக்கு மேல பொஞ்சாதி புள்ள வெளிய இருந்திருந்தா மனுவத் தள்ளிருவாங்க. யாரு கேட்டாலும் கொஞ்ச நாளுன்னு சொல்லுங்க. கொஞ்சம்னா எவ்வளவுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

பிள்ளைகள் என்ற இடத்தில் தங்கராசு என்று ஒரே பெயர் எழுதினோம். பிறகு பவளம் பிறந்தபோது அவளையும் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டோம்.

விசாரணைக்கு வருடக்கணக்கில் கூப்பிடவில்லை. அதற்குள் என் பிள்ளை போய்விட்டான்.

மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். பிள்ளைக்காம்பராவில் ஊரார் பிள்ளைகள் எத்தனை பேருடைய காய்ச்சலை இந்தக் கையால் இறக்கியிருக்கிறேன். என் பிள்ளையின் நெற்றியில் வைத்த ஈரத்துணி மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது. அவனை அவர் தன் கையில்தான் தூக்கிக்கொண்டு போனார். துணிக்கு வெளியே அவன் கால் தெரிந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் ஆகாது, மன்னித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு ஆறு பக்கத்தை யாரும் எடுக்கவில்லை.

அந்தப் படம்

ஒருவழியாக விசாரணைக்கு நாள் போட்டுக் கடிதம் வந்தது. எல்லாக் காகிதங்களையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு எல்லாக் காகிதம் என்றால் எல்லாக் காகிதமும்தான். அம்மை குத்திய சீட்டுமுதல் கல்யாணப் பத்திரிகைவரை மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு போவார்கள். ஒருவர் சாமி படத்தையும் எடுத்துப் போனார்.

விசாரணையில் என்ன நடக்கும் என்று முன்னால் போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். இறந்த பிள்ளை என்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள்.

அந்தக் கோடு என் மனசில் கிடந்து அறுத்தது. அவன் சிரித்தான், ஓடினான், கங்காணியின் ஆட்டை விரட்டினான். அவனை ஒரு கோட்டில் முடித்துவிடுவார்களா? அவன் முகத்தையாவது கோடு போடுகிற அந்த மனுஷன் ஒரு தடவை பார்க்கட்டும் என்று தோன்றியது. புறப்படும் காலையில், அவர் முகம் கழுவப் பீலிக்குப் போன நேரத்தில், காகிதக் கட்டுக்குள் அந்தப் படத்தைச் சொருகினேன். அவரிடம் சொல்லவில்லை. நான் படத்தின் முன்பக்கத்தையே பார்த்துப் பழகியவள். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அப்போது என் ஞாபகத்தில் இல்லை.

ரயிலில் அவர் வெளியே பார்த்தபடி, "இன்னிக்கி நான் டெப்போனன்ட்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் குடும்பத்து வார்த்தை ஒன்றை அவர் வாயில் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, பவளத்தின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மேசைக்கு முன்னால்

இப்போது அந்தக் கந்தோருக்கே திரும்பி வருகிறேன்.

சத்தியம் வாங்கினார்கள். கேள்விகளை அதிகாரி இங்கிலீஷில் கேட்க, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் சொன்னார். எல்லாம் நன்றாகவே போனது. இந்தியாவுக்குப் போனது பற்றிக் கேட்டார்கள். "கொஞ்ச நாளுங்க, கோயில் வேண்டுதல்" என்றார் இவர். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பிள்ளைகள் பெயர் வந்தது. "தங்கராசு?"

"அவன் இல்லீங்க. போயிட்டான்."

சிவப்புப் பென்சில் ஒரு கோடு போட்டது. நான் நினைத்ததைவிடச் சின்னக் கோடு.

அதிகாரி காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். படத்தை எடுத்தார், சிரித்தார், திருப்பினார். டெபிலேட் என்ற வார்த்தையைப் பார்த்து அவர் புருவம் ஏறியது. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, உதட்டைப் பிதுக்கினார்.

"இதை எழுதினது ஆர் எண்டு ஐயா கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நான்தாங்க. முடி எறக்குறதுங்க. இங்கிலீசுல அப்பிடித்தான் சொல்லுவாங்க."

இங்கிலீஷில் விசாரிக்கிறவருக்கே இவர் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, மனசு குளிர்ந்த சிரிப்பு. அதே சிரிப்போடு அவர் கண் கீழே இறங்கியது. முதல் தேதி. இரண்டாம் தேதி.

சிரிப்பு நின்றது. விரலால் மாதங்களை எண்ணினார்.

"இந்தத் திகதியில போனவை, இந்தத் திகதிவரைக்கும் அங்கதான் இருந்தவையோ? யோசிச்சுச் சொல்லுங்கோ, சத்தியம் செய்திருக்கிறீங்கள்."

மொழிபெயர்ப்பாளர் அந்தக் கடைசி வார்த்தைகளைத் தானாகச் சேர்த்தாரா, அதிகாரி சொன்னாரா, எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். எழுத்து அவருடையது, தேதி அவருடையது, பிள்ளை அவருடையது. இல்லை என்று எதைச் சொல்வார்?

"ஆமாங்க" என்றார்.

மன்றாடியது நான்தான். பவளத்தைக் கீழே இறக்கிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சாவுத் தீட்டு, அம்மன், பெரியப்பா, முடி என்று எதை எதையோ சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்திவிட்டார். தீட்டுக்கு அவரிடம் இங்கிலீஷ் இல்லை. அதிகாரி கெட்டவர் இல்லை. என்னைப் பார்க்காமல் மையொற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"சட்டத்தில இடமில்லையம்மா" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அப்ப அந்தப் படத்தையாவது குடுங்கய்யா. வேற படம் இல்ல."

அதற்குள் அதிகாரி அதை மனுவோடு சேர்த்து ஒரு குண்டூசியால் குத்திவிட்டார். அது இனிமேல் அத்தாட்சி, தர முடியாது என்றார்கள்.

திரும்பும் ரயிலில் அவர் பவளத்தை மடியில் வைத்துக்கொண்டார். படம் கட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. தானே தெரியாமல் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாரோ என்று விட்டுவிட்டேன். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே வருடங்கள் போயின.

முடிவு சில மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தது, முழுக்க இங்கிலீஷில். கணக்கப்பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அதில் எங்கள் மூன்று எழுத்தைத் தேடினோம். பயத்தோடுதான் தேடினோம். ஒரே ஒரு வார்த்தை கிடைத்தது. கடிதத்தின் தலைப்பில், டெப்பார்ட்மென்ட். கருகிய தாளில் அதற்கு இலாகா என்று போட்டிருந்தது. மற்றதைக் கணக்கப்பிள்ளை படித்துச் சொன்னார். மனு தள்ளுபடி.

பலகை

அறுபதுகளின் நடுவில் ஒருநாள், இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே. கொழுந்தை நிறுத்துப் பிரிப்பதுபோலத்தான் எங்களைப் பிரித்தார்கள். மனுத் தள்ளுபடியானவர்கள் எந்தப் பக்கம் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டோரில் இருந்து ஒரு பெட்டிப் பலகையையும் சாய டப்பாவையும் எடுத்துக்கொண்டு, "வா" என்றார். ஓடையோரம் போனோம். தங்கராசுவின் மேட்டில் புல் மண்டிக் கிடந்தது. நான் புல்லைப் பிடுங்கினேன். அவர் பலகையை முழங்காலில் வைத்து, அவனுடைய பெயருக்கென்றே புதிதாக வெட்டிய தகரத்தை அதன்மேல் வைத்துச் சாயம் பூசினார். தமிழ் எழுத்து. தமிழ் எழுத்தைத் தகரத்தில் வெட்டுவது லேசில்லை, வளைவு வளைவாக அறுந்துவிடும். எத்தனை நாளாக வெட்டினாரோ, எனக்குத் தெரியாது.

பெயர் விழுந்தது. அடியில் தேதி எதுவும் எழுதவில்லை.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்னங்க, அந்தப் படத்த நான்தான் கட்டுல சொருகினேன்."

அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கி போறப்ப ரயிலுலயே பாத்தேன். நீ பவளத்துக்குப் பாலு குடுத்துக்கிட்டு இருந்த. காயிதம் எல்லாம் சரியா இருக்கான்னு கட்ட அவுத்தேன், உள்ள இருந்திச்சி."

"பின்னால தேதி எழுதியிருந்தது..."

"எழுதினவனுக்கு ஞாபகம் இருக்காதா புள்ள?"

"அப்ப எடுத்திருக்கலாமில்ல? ஏங்க எடுக்கல?" என்று கத்திவிட்டேன். இத்தனை வருடம் என் மேலேயே இருந்த கோபம், யார் மேலாவது விழ இடம் தேடியது.

அவர் பலகையைத் தரையில் வைத்தார். "எடுத்தேன். எடுத்துக் கோட்டுப் பையில வச்சேன். அப்பறம் முடியல, திரும்பவும் கட்டுக்குள்ளயே வச்சிட்டேன். இவன இந்தக் கையாலதான் தூக்கிக்கிட்டு வந்து இங்க வச்சேன். மறுபடியும் அதே கையால கட்டுல இருந்து வெளிய எடுத்து வைன்னா எப்பிடிப் புள்ள?"

பிறகு இரண்டு பேருமாகப் பலகையை நட்டோம்.

சில வருடம் கழித்து நாங்களும் கப்பல் ஏறினோம். அதற்கு முன்பே எங்கள் லயத்தில் பாதிக் காம்பரா பூட்டிக் கிடந்தது. வேலையே வராது என்று அவர் தள்ளி வைத்த வார்த்தைக்கும் வேலை வந்துவிட்டது. பூட்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார், வாயால் மட்டும் சொல்லவில்லை.

ஆறு பக்கமும் இப்போதும் என் பெட்டியில் இருக்கின்றன. ஓரம் உதிர்ந்து தூளாகிறது. அந்தப் பலகை இத்தனை மழைக்கு எப்போதோ மக்கியிருக்கும்.

ஆனால் கந்தோரில் காகிதங்களைத் தூக்கி எறிய மாட்டார்கள் என்று சொல்கிறார்கள். அப்படியானால் நுவரெலியாவிலோ கொழும்பிலோ ஏதோ ஓர் அலமாரியில் எங்கள் மனு இருக்கும். அதில் துருப்பிடித்த குண்டூசியில், மொட்டைத் தலையும் சந்தனமுமாக அவன் இருப்பான். குடியுரிமை கேட்டு அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். அந்தக் கந்தோரில் இடம் கிடைத்தது அவன் ஒருவனுக்குத்தான்.